பத்தி 1143

வாய்மூல விடைக்கான வினா, இலக்கம் பதினேழு:
தேத்தாமடுக்குளத்துத் துருசு எப்போது திருத்தப்படும்?
ஒரு கௌரவ உறுப்பினர் கேட்டிருக்கிறார்.
வெள்ளிக்கிழமைக்குள் அமைச்சருக்கு விடை வேண்டும்.
கொழும்பில் தொடங்கிக் கச்சேரியில் இறங்கி
பிரதிப் பணிப்பாளரிடம் இறங்கி
துணுக்காயில் என் மேசைக்கு வந்திருக்கிறது கடிதம்.
இதற்குக் கீழே மேசை இல்லை.

முன்வரலாறு இருப்பின் இணைக்கவும்.
இருந்தது.
எங்களோடு இடம்பெயர்ந்து, எங்களுக்குப் பிறகு திரும்பி,
ஒரு மூலையைக் கரையானுக்குக் கொடுத்த கோப்பு.
உள்ளே மூதவை ஹன்சாட்டிலிருந்து கழற்றிய ஒன்பது தாள்கள்.

செனட்டர் சேதுகாவலர்.
ஆறு வருசம் இருந்தார், பதினொரு தரம் எழும்பினார்.
ஒருதரம் மாங்குளத்தில் தபால் பை நனைந்ததற்கு.
ஒருதரம் மலேரியாவுக்கு.
ஒருதரம், காலமான யாரோ ஒரு செனட்டருக்கு
நாலு வரி அனுதாபம்;
அதிலும் மூன்றாம் வரியில் மழை வந்துவிடுகிறது.
மிச்சம் எட்டுத் தரமும் துருசு.

வரவுசெலவு விவாதத்தில் மற்றவர்கள்
உரோமாபுரியை எரித்துக்கொண்டிருக்க
இவர் இரண்டடி எட்டங்குலம் என்கிறார்.
கதவின் அகலம்.
பலகை முதிரை என்கிறார்.
பெருவிரலை வைத்து அமத்தினேன், உள்ளே போனது என்கிறார்.
(சிரிப்பு)
யார் சிரித்தது என்று ஹன்சாட் எழுதுவதில்லை.

ஒரு கௌரவ உறுப்பினர்: இந்தக் குளம் எங்கே இருக்கிறது?
சேதுகாவலர்: அதைச் சொல்லத்தான் நாலு வருசமாக நிற்கிறேன்.
தலைவர்: நேரம் முடிந்தது.

எல்லாம் ஆங்கிலம். அகராதி வைத்துத்தான் வாசித்தேன்.
பத்தி 1143இல் மட்டும் அகராதி வேண்டியிருக்கவில்லை,
அங்கே அவருடைய சொல் ஒன்றும் இல்லை.
(கௌரவ உறுப்பினர் தமிழில் பேசினார்)
அவ்வளவுதான்.
ஒரு வசனமா, அரை மணித்தியாலமா?
திட்டினாரா? கும்பிட்டாரா?
குறிப்பெழுதியவர் பேனையை மூடிவைத்துவிட்டு
கூரையைப் பார்த்திருப்பார்.
அடுத்த வரியில் அமைச்சர்
கௌரவ உறுப்பினருக்கு நன்றி சொல்கிறார்.

கடைசித் தாளின் ஓரத்தில் பென்சில்,
அந்தக் காலத்து மேற்பார்வையாளர் ஒருவரின் கை:
கேட்பவருக்கு இதன் கீழ் அறுபத்திரண்டு ஏக்கர் உண்டு.

கோப்பை மூடினேன். திரும்பவும் திறந்தேன்.

பின்னேரம் குளத்துக்குப் போனேன்.
முதிரைக் கதவுக்குப் பிறகு இரும்புக் கதவு வந்திருக்கிறது.
தண்டு வளைந்து, பூட்டவும் வராது திறக்கவும் வராது.
கமக்காரர் அமைப்புச் செயலாளர் தவமலர்
அலைகரையில் நின்று மண் மூட்டை அடுக்குவிக்கிறாள்.
"ஆர் கேட்டதாம்?"
ஒரு எம்.பி.
"அதுக்கு முன்னம்?"
ஒரு செனட்டர். அறுபத்திரண்டு ஏக்கர்க்காரர்.
அவள் மூட்டையின் வாயைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்:
"வயல் இல்லாதவன் எட்டுத்தரம் கேப்பானே?
அவற்ற வயலைத் தாண்டித்தானே
எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி வரோணும்."

இரவு விடை எழுதினேன்.
பழைய அமைச்சரின் வசனத்தைத் தமிழாக்கினாலே போதும்:
இவ்விடயத்தில் உரிய கவனம் செலுத்தப்படும்.
அதற்குக் கீழே, கேட்காமலே, ஒரு வரி சேர்த்தேன்.
கதவின் அகலம் எண்பத்தொரு சென்ரிமீற்றர்.
தண்டு வளைந்துள்ளது. விரல் போகிறது.

வியாழக்கிழமை அது திரும்பி வந்தது.
என் வரிக்குக் குறுக்கே சிவப்புக் கோடு, பக்கத்தில்:
வினாவில் இது கேட்கப்படவில்லை.

வெள்ளி, சுத்தப் பிரதி போயிற்று.
இப்போதெல்லாம் மூன்று மொழியிலும் அச்சாகும்,
உரிய கவனம்.

மழைக்கு இன்னும் ஐந்து கிழமை.
தவமலர் தொலைபேசியில் கேட்கிறாள்,
அரிசிச் சாக்கு வெறுஞ்சாக்காய் எத்தனை கிடைக்கும் என்று.